பேஸ் கிட்டாருக்கு ட்யூனர் பெடல் வாங்கறப்போ அந்த 0.1 சென்ட் கணக்கை கொஞ்சம் ஓரமா வைங்க

பேஸ் வாசிக்க ஆரம்பிச்சு ஆறு மாசம் ஒரு வருஷம் ஆனா எல்லாருக்கும் இந்த கேள்வி வந்துடும், எந்த ட்யூனர் பெடல் (ஸ்ட்ரிங் சுருதில இருக்கான்னு காட்டற, காலால மிதிக்கற டப்பா) வாங்கறது? கேட்டா நாலு பேர் நாலு விதமா சொல்லுவாங்க. ஒருத்தர் கிட்டார் ட்யூனர் பேஸுக்கு ஆகாது, தனியா வேணும்பார். இன்னொருத்தர் ட்ரூ பைபாஸ் இல்லாத பெடலை தொடவே தொடாதேம்பார். மூணாவது ஆள் டப்பால எழுதியிருக்கறத படிச்சு இது 1 சென்ட் அது 0.1 சென்ட், அப்போ இது பத்து மடங்கு பெட்டர்னு கணக்கு போட்டே காட்டிடுவார். (சென்ட், ட்ரூ பைபாஸ்னா என்னன்னு கீழ வரும்.) மூணுலயும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கு, அதனாலதான் மூணையும் நம்பி காசை விடறோம்.

நானும் விட்டிருக்கேன். முதல்ல வாங்குனது ஹெட்ஸ்டாக்ல, அதாவது கிட்டாரோட தலைப்பகுதில, கவ்விக்கற கிளிப் ட்யூனர். வீட்ல சூப்பரா வேலை செஞ்சுது. ஒரு கிறிஸ்துமஸ் புரோகிராம்ல ஸ்டேஜ்ல ஏறி நின்னு பாத்தா, பக்கத்துல கீபோர்டு காரர் ஏதோ வாசிச்சிட்டு இருக்கார், டிரம்மர் கிக்க மிதிச்சு செக் பண்ணிட்டு இருக்கார், என் ட்யூனர்ல நான் தொடாத நோட்டு எல்லாம் வந்து வந்து போகுது. அன்னிக்கு காதை நம்பி ட்யூன் பண்ணேன், என் காது அப்போ நம்பற மாதிரி இல்லை. அதுக்கப்புறம்தான் இந்த டப்பாக்குள்ள என்னதான் நடக்குதுன்னு ஒழுங்கா தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சுக்கிட்டதும் வாங்கறது ரொம்ப ஈஸி ஆயிடுச்சு, ஏன்னா பாக்க வேண்டிய விஷயம் ரெண்டு மூணுதான், அது டப்பா மேல பெரிய எழுத்துல போட்டிருக்காது.

ஊஞ்சல்ல இருந்து ஆரம்பிப்போம்

ஊஞ்சல் ஒண்ணு ஆடுதுன்னு வைங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தடவை போய்ட்டு வருதுன்னு எண்ணலாம். ஸ்ட்ரிங்கும் அதே மாதிரி போய்ட்டு வர்றதுதான், ஆனா ஒரு செகண்டுக்கு எத்தனை தடவைன்னு எண்ணணும். அந்த எண்ணிக்கைக்கு அதிர்வெண்னு பேரு, அளவு ஹெர்ட்ஸ்.

நோட்டுக்கு எல்லாம் இங்கிலீஷ் எழுத்துதான் பேரு. பேஸ்ல மெல்லிசான ஜி ஸ்ட்ரிங் 98 ஹெர்ட்ஸ், டி 73.4, ஏ 55, தடியான ஈ 41.2. அஞ்சு ஸ்ட்ரிங் பேஸ்னா அதுக்கும் கீழ ஒரு பி இருக்கும், அது 30.9தான். சாதா கிட்டாரோட தடிச்ச ஈ 82.4, அதாவது பேஸ் ஈ அதுல சரி பாதி. பாதின்னா ஒரு ஆக்டேவ் கீழ, நம்ம பாஷைல சொன்னா ஒரு ஸ்தாயி கீழ.

இனி சென்ட். கிட்டார் கழுத்துல குறுக்க இருக்கற கம்பிதான் ஃப்ரெட், ஒரு ஃப்ரெட்டுக்கும் அடுத்த ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கற சுர தூரத்தை நூறு பங்கா பிரிச்சா ஒரு பங்கு ஒரு சென்ட். ரூபாய்க்கு நூறு பைசா மாதிரி. பன்னெண்டு ஃப்ரெட் ஏறுனா ஒரு ஸ்தாயி, அப்போ ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட். அலெக்சாண்டர் எல்லிஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர் பல நாட்டு இசையோட சுரங்களை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு பாக்கறதுக்காக 1885ல கொண்டு வந்த கணக்கு இது, இன்னிக்கு எல்லா ட்யூனர் டப்பாலயும் இருக்கு.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு, பேஸ் காரங்க முக்கியமா கவனிக்க வேண்டியது. அரிசி மூட்டைல ஒரு கிராம் கூடினா குறைஞ்சா எவனும் கண்டுக்க மாட்டான், நகைக்கடை தராசுல ஒரு கிராம்னா சண்டையே வந்துடும், கிராம் என்னவோ அதே கிராம்தான். ஹெர்ட்ஸும் அப்படித்தான். எல்லாரும் சுருதி பாக்கற அந்த 440 ஹெர்ட்ஸ் ஏ நோட்டுல ஒரு ஹெர்ட்ஸ் தப்பினா சுமார் 4 சென்ட் தப்பு, பெருசா ஒண்ணும் இல்லை. அதே ஒரு ஹெர்ட்ஸ் பேஸ் ஈ ஸ்ட்ரிங்ல தப்பினா 41 சென்ட்! கிட்டத்தட்ட அரை ஃப்ரெட் தூரம். ஈக்கும் அடுத்த எஃபுக்கும் நடுவுல மொத்தமே 2.45 ஹெர்ட்ஸ்தான் இருக்கு, கீழ் பிக்கும் சிக்கும் நடுவுல இன்னும் கம்மி, 1.8. பேஸ் ட்யூன் பண்றது நகைக்கடை வேலை, மூட்டை தூக்கற மாதிரி பெரிய ஸ்ட்ரிங்கா இருக்கேன்னு ஏமாறக்கூடாது.

இதுவரைக்கும் பாத்தது: ஸ்ட்ரிங் எத்தனை தடவை ஆடுதுங்கறது ஹெர்ட்ஸ், ஃப்ரெட் தூரத்துல நூத்துல ஒரு பங்கு சென்ட், கீழ போக போக ஒரு ஹெர்ட்ஸோட விலை ஏறிட்டே போகும்.

ட்யூனர் ஏன் பேஸ்ல மட்டும் திணறுது

ட்யூனர் ஒரு செகண்ட் உக்காந்து எண்ணுதுன்னு வைங்க. 41ன்னு எண்ணும், இல்ல 42ன்னு எண்ணும். ஆனா 41க்கும் 42க்கும் நடுவுலயே அரை ஃப்ரெட் காணாம போயிடுதுன்னு இப்பதான் பாத்தோம். அதனால எண்ணிக்கிட்டு இருந்தா வேலைக்கு ஆகாது, வேற வழி வேணும்.

அது என்ன பண்ணும்னா, வர்ற அலையை ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும். அந்த காப்பியை அசல் மேல வச்சு மெதுவா தள்ளிக்கிட்டே போகும், எந்த இடத்துல ரெண்டும் அச்சு அசலா பொருந்துதோ அந்த தள்ளுன தூரம்தான் ஒரு ஆட்டத்துக்கு ஆகற நேரம். கோலத்துல ஒரே டிசைன் திரும்ப திரும்ப வர்றப்போ எங்க இருந்து ரிப்பீட் ஆகுதுன்னு கண்ணு கண்டுபிடிக்கும்ல, அதே வேலை. எல்லா ட்யூனரும் அப்படியே இதைத்தான் செய்யும்னு இல்லை, ஒவ்வொருத்தரும் ஒரு முறை வச்சிருக்காங்க, ஆனா திரும்ப வர்ற வடிவத்தை பிடிக்கறதுங்கற அடிப்படை இதுதான்.

இப்போ பாருங்க, வடிவம் திரும்ப வருதான்னு பாக்கணும்னா ரெண்டு மூணு தடவையாவது அது வந்தாகணும். கிட்டாரோட மெல்லிசான ஈ ஸ்ட்ரிங் ஒரு ஆட்டம் ஆட 3 மில்லி செகண்ட். பேஸ் ஈக்கு 24. கீழ் பிக்கு 32. ட்யூனர் எவ்வளவு ஒசத்தியா இருந்தாலும் ஸ்ட்ரிங் ஆடி முடிக்கற வரைக்கும் அது காத்திருந்துதான் ஆகணும், குழந்தை தொட்டில் சடசடன்னு ஆடும், பெரிய ஊஞ்சல் போய்ட்டு வர நேரம் எடுக்கும், அவசரப்படுத்த முடியாது. கிட்டார் காரன் தட்டுன உடனே பச்சை லைட் வருது எனக்கு மட்டும் ஏன் லேட்டாகுதுன்னு பெடலை திட்டாதீங்க, பாதி குத்தம் இயற்கையோடது.

மீதி பாதி ஹார்மோனிக்ஸோடது. ஸ்ட்ரிங் ஒட்டுமொத்தமா மட்டும் ஆடாது, அதே நேரத்துல ரெண்டு பாதியாவும் ஆடும், மூணு துண்டாவும், நாலு துண்டாவும் ஆடும். முழுசா ஆடறதுதான் அடி சுரம், மத்த துண்டு ஆட்டம் எல்லாம் ஹார்மோனிக்ஸ், இது எல்லாம் சேந்துதான் பேஸுக்கு அந்த குரலே வருது. பிரச்சனை என்னன்னா பேஸ்ல நிறைய நேரம் அடி சுரத்தை விட ரெண்டாவது ஹார்மோனிக் சத்தமா இருக்கும். கல்யாண வீட்ல தாத்தா மெதுவா ஏதோ சொல்றார், சுத்தி பேரப்பசங்க கத்திக்கிட்டு இருக்காங்க, உங்களுக்கு தாத்தா சொல்றதுதான் வேணும், அந்த கதைதான்.

ரெண்டாவது ஹார்மோனிக் பரவால்ல, ஈயோட ரெண்டு மடங்கும் ஈதான், எழுத்து மாறாது. மூணாவதுதான் வில்லன். ஈயோட மூணு மடங்கு 123.6 ஹெர்ட்ஸ், அது பி! ஈ ஸ்ட்ரிங்கை தட்டுனா ட்யூனர்ல திடீர்னு பின்னு காட்டி திரும்ப ஈக்கு வருதா, பெடல்ல பேய் எல்லாம் இல்லை, மூணாவது ஹார்மோனிக்கை பாத்து ஒரு நிமிஷம் ஏமாந்துடுச்சு. கீழ் பி ஸ்ட்ரிங்ல இதே ஏமாத்தம் எஃப் ஷார்ப்னு வரும். நல்ல ட்யூனருக்கும் சுமாரான ட்யூனருக்கும் பேஸ்ல நிஜமான வித்தியாசம் இங்கதான் தெரியும், எவ்வளவு சீக்கிரம் தாத்தா குரலை பிடிக்குது, பிடிச்சப்புறம் விடாம நிக்குதா.

இன்னொண்ணு, ஸ்ட்ரிங்கை ஓங்கி தட்டுன முதல் கணத்துல அது ரொம்ப இழுபட்டு இருக்கும், அதனால சுரம் கொஞ்சம் மேல ஏறி அப்புறமா கீழ வந்து உக்காரும். ரயில்வே ஸ்டேஷன் வெயிட் மெஷின்ல ஏறினதும் முள்ளு துள்ளுமே, துள்ளும்போதே படிச்சா யாரும் தன் எடையை ஒத்துக்க மாட்டான், அடங்குனதும்தான் பாக்கணும்.

அதனால புது பெடல் வாங்கறதுக்கு முன்னாடி இருக்கற ட்யூனர்லயே இதை செஞ்சு பாருங்க. டோன் நாபை (மேல் சத்தத்தை குறைக்கற திருகு) முழுசா கீழ இறக்குங்க, பேரப்பசங்க பாதி பேர் அமைதி ஆயிடுவாங்க. ரெண்டு பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை சிக்னலா மாத்தற பாகம்) இருந்தா நெக் பக்கம் இருக்கறதை மட்டும் திறங்க. நகம் படாம கட்டைவிரல் சதையால மெதுவா தட்டுங்க, மத்த ஸ்ட்ரிங்கை கையால அமுக்கிக்கோங்க. அப்படியும் கீழ் பி ஒத்து வரலைன்னா பன்னெண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேல ஸ்ட்ரிங்கை அமுக்காம சும்மா தொட்டுக்கிட்டு தட்டுங்க, மணி அடிக்கற மாதிரி ஒரு சத்தம் வரும், அது ரெண்டாவது ஹார்மோனிக் மட்டும் தனியா வர்றது. அதிர்வெண் ரெண்டு மடங்கு, எழுத்து அதே எழுத்து, ட்யூனருக்கு பாதி வேலை மிச்சம். பாதி பேருக்கு இதுலயே பிரச்சனை தீந்துடும், காசும் மிச்சம்.

சுருக்கமா: கீழ் நோட்டு மெதுவா ஆடும், அதனால ட்யூனர் காத்திருக்கணும், ஹார்மோனிக்ஸ் அதை ஏமாத்தும், தட்டுன வேகமும் ஏமாத்தும். பேஸுக்கு நல்ல ட்யூனர்னா இந்த மூணையும் தாண்டி சீக்கிரம் ஒரு இடத்துல உக்காரணும்.

சரி, அந்த 0.1 சென்ட்?

பாஸ் கம்பெனியோட டியூ 3 பெடல் 1 சென்ட் வரைக்கும் சரியா காட்டும்னு போட்டிருக்காங்க (பாஸ் கம்பெனி வேற பேஸ் கிட்டார் வேற, தமிழ்ல எழுதினா ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கு). பீட்டர்சன் ஸ்ட்ரோபோஸ்டாம்ப் ஹெச்டி 0.1 சென்ட். டிசி எலக்ட்ரானிக் பாலிட்யூன் 3ல ஸ்ட்ரோப் மோட் (அது என்னன்னு கீழ வரும்) போட்டா 0.02 சென்ட்.

இதை பேஸ் ஈ ஸ்ட்ரிங்ல வச்சு கணக்கு பாப்போம். ரெண்டு பேஸ் இருக்கு, ரெண்டுலயும் ஈ ஸ்ட்ரிங், ஒண்ணு மத்ததை விட சரியா 1 சென்ட் கூட. ஹெர்ட்ஸ்ல வித்தியாசம் 0.024தான். ரெண்டையும் ஒண்ணா தட்டுனா சுருதி பிசகினா வர்ற அந்த வவ் வவ்னு அலையற சத்தம் வரணும்ல, அடி சுரத்துல அந்த ஒரு வவ் முழுசா வந்து போக 42 செகண்ட் ஆகும். எந்த பாட்டுல 42 செகண்ட் ஒரே நோட்டை இழுக்கறீங்க? வித்தியாசம் 0.02 சென்ட்னா அந்த ஒரு வவ்வுக்கு 35 நிமிஷம். டீ குடிச்சிட்டு சாப்பிட்டுட்டே வந்துடலாம்.

காதுக்கு பொதுவா ஒரு அஞ்சு சென்ட் தப்பினாதான் லேசா தெரிய ஆரம்பிக்கும், பேஸ் மாதிரி கீழ் சுரத்துல அதுவும் கஷ்டம். இன்னொரு சோதனை, ட்யூனரை ஆன்ல வச்சு ஏதோ ஒரு ஃப்ரெட்டை லேசா அமுக்கி தட்டுங்க, அப்புறம் அதே ஃப்ரெட்டை இறுக்கி அமுக்கி தட்டுங்க, டிஸ்ப்ளே நகரும். நம்ம விரலே அத்தனை சென்ட் ஆட்டுது, இதுல 0.02 எங்க நிக்கப் போகுது. ஸ்டேஜ்ல வாசிக்கறவருக்கு 1 சென்ட் தாராளம்னுதான் நான் சொல்லுவேன்.

ஒரே ஒரு இடத்துல அந்த நுணுக்கம் நிஜமா உதவும், இன்டோனேஷன் செட் பண்றப்போ. அதாவது பிரிட்ஜ்ல ஸ்ட்ரிங்கை தாங்கற சேடிலை முன்ன பின்ன நகர்த்தி, ஓப்பன் ஸ்ட்ரிங்கும் பன்னெண்டாவது ஃப்ரெட்டும் ஒத்துப் போக வைக்கற வேலை. அதை நீங்களே வீட்ல செய்வீங்கன்னா ஸ்ட்ரோப் வகை நல்லா இருக்கும்.

ஸ்ட்ரோப்னா சும்மா நம்ம ஃபேன்தான்

டியூப்லைட் வெளிச்சத்துல சீலிங் ஃபேனை பாத்திருப்பீங்க, ஒரு ஸ்பீடுல றெக்கை நின்ன மாதிரி தெரியும், கொஞ்சம் ஸ்பீடு மாறினா மெதுவா பின்னாடி சுத்தற மாதிரி தெரியும். லைட் கண்ணுக்கு தெரியாம விட்டு விட்டு எரியறதும் றெக்கை சுத்தறதும் ஒத்துப் போனா நின்ன மாதிரி, ஒத்துப் போகலைன்னா நகர்ற மாதிரி. ஸ்ட்ரோப் ட்யூனர் இதே வித்தைதான். கோடு போட்ட ஒரு தட்டு தெரிஞ்ச வேகத்துல சுத்தும், அது மேல உங்க நோட்டோட தாளத்துல லைட் மின்னும், சுருதி சேந்தா கோடு நிக்கும், ஏறினா ஒரு பக்கம் இறங்கினா இன்னொரு பக்கம் ஓடும். அமெரிக்காவுல கான் கம்பெனி ஸ்ட்ரோபோகான்னு 1936லயே இதை விட்டாங்க, அது பெரிய பெட்டி. இப்போ வர்ற பெடல்ல தட்டு எல்லாம் கிடையாது, அதே நகர்ற கோட்டை டிஸ்ப்ளேல காட்டறாங்க.

மத்த வகைல முள்ளு மாதிரி ஒரு லைட் வரிசை இருக்கும், நடுவுல பச்சை வந்தா சரி. இருட்டு ஸ்டேஜ்ல நின்னுக்கிட்டு கீழ காலடில பாக்கறதுக்கு எனக்கு இந்த லைட் வரிசைதான் பிடிக்கும், ஸ்ட்ரோப்ல கோடு நகர்ந்துக்கிட்டே இருந்தா பதட்டத்துல எந்தப் பக்கம் திருப்பணும்னே மறந்துடுது.

ஆப், கிளிப் எல்லாம் இருக்கறப்போ பெடல் எதுக்கு

ஃபோன் ஆப் மைக்ல கேக்கும், ஃபோன் மைக்குக்கு 41 ஹெர்ட்ஸ் எல்லாம் ரொம்ப தூரம், பக்கத்துல ஒருத்தர் பேசினாலும் குழம்பும். கிளிப் மரத்தோட அதிர்வை தொட்டு உணரும், ஸ்டேஜே அதிர்றப்போ என் கதைதான். பெடலுக்கு கேபிள் வழியா உங்க பிக்கப் சிக்னல் மட்டும் வரும், வெளி உலகம் தெரியாது.

அதை விட பெரிய லாபம் ம்யூட். பெடலை மிதிச்சா ட்யூனர் ஆன் ஆகும், ஆம்ப்புக்கு சத்தம் போகாது. கச்சேரில மிருதங்க வித்வான் எல்லார் முன்னாடியும் கல்லால தட்டி தட்டி சுருதி சேப்பார், சபையே பொறுமையா கேக்கும், அங்க அது அழகு. பேண்டுல பாடகர் பேசிக்கிட்டு இருக்கறப்போ பின்னாடி பேஸ் டூம் டூம்னு ஏறி இறங்குனா அவர் திரும்பி பாக்கற பார்வை இருக்கே. பாட்டுக்கு நடுவுல கேபிள் கழட்டி மாட்டவும் இந்த ம்யூட்தான் கை கொடுக்கும், டப்புனு வெடிக்காது.

கையடக்க முள்ளு ட்யூனர் கோர்க் கம்பெனி 1975ல கொண்டு வந்தது, பாஸ் கம்பெனி அதை சின்ன கால் பெடலுக்குள்ள அடக்கி டியூ 2ன்னு விட்டது 1998ல. அது வரைக்கும் ஸ்டேஜ் ஆளுங்க ட்யூனரை தனி பெட்டியா ஆம்ப் மேல வச்சு சமாளிச்சிட்டு இருந்தாங்க.

ட்ரூ பைபாஸா பஃபரா, இந்த சண்டை

இது கொஞ்சம் பொறுமையா படிக்கணும், ஏன்னா இதுலதான் அதிகமா உளறல் நடக்குது.

ட்யூனரை ஆஃப் பண்ணி வாசிக்கறப்போவும் சிக்னல் அந்த பெடலுக்குள்ள புகுந்துதான் போகுது. ட்ரூ பைபாஸ்னா ஸ்விட்ச் உள்ள போற வயரையும் வெளிய வர்ற வயரையும் நேரா சேத்துடும், நடுவுல ஒண்ணும் இல்லை. பஃபர்னா நடுவுல ஒரு சின்ன சர்க்யூட் எப்பவும் உயிரோட இருந்து சிக்னலை வாங்கி தெம்பா திருப்பி அனுப்பும்.

அந்த தெம்பு எதுக்கு? தூரத்து கோயில் ஸ்பீக்கரை யோசிங்க, ரெண்டு தெரு தள்ளி கேட்டா தவில் கும் கும்னு வரும், பாட்டு வார்த்தை புரியாது. மேல் சத்தம் எல்லாம் வழில கரைஞ்சுடும், கீழ் சத்தம் வந்து சேரும். காரணம் வேற, ஆனா நீளமான கேபிளும் பேஸுக்கு செய்யறது இதேதான், பாட்டரி இல்லாத பாசிவ் பேஸா இருந்தா. கீழ் சத்தம் போகாது, போறது ஸ்லாப், அதாவது கட்டைவிரலால ஓங்கி, அடிக்கறப்போ வர்ற அந்த சளீர், புது ஸ்ட்ரிங்கோட பளபளப்பு. பஃபர் நடுத்தெருல நின்னு கேட்டதை திரும்ப உரக்க சொல்ற ஆள் மாதிரி, அவருக்கு அப்புறம் கேபிள் எவ்வளவு நீளமா இருந்தாலும் பெருசா கரையாது.

உங்க பேஸ்ல 9 வோல்ட் பாட்டரி போட்டு ஓடற ஆக்டிவ் ப்ரீஆம்ப் (சிக்னலுக்கு தெம்பு கொடுக்கற சர்க்யூட்) இருந்தா அந்த ஆள் கிட்டாருக்குள்ளயே நிக்கறார், அப்போ பெடல்ல பஃபர் இருக்கா இல்லையாங்கற சண்டைக்கே நீங்க போக வேண்டாம். பாசிவ் பேஸ், ஆனா மூணு மீட்டர் கேபிள் ரெண்டு, நடுவுல ட்யூனர் மட்டும்னா வித்தியாசம் காதுல விழுந்தாதான் ஆச்சரியம். பாசிவ் பேஸ், பெரிய ஸ்டேஜ், நீள நீளமா கேபிள், வரிசையா அஞ்சாறு பெடல்னா பஃபர் நிஜமாவே நல்லது, அதுவும் வரிசைல முதல் ஆளா. பழைய டிசைன் ஃபஸ் பெடல் (சத்தத்தை கரகரப்பாக்கறது) சிலதுக்கு மட்டும் முன்னாடி பஃபர் இருந்தா பிடிக்காது, சத்தம் மாறும், அது வச்சிருக்கறவங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.

யாரும் சொல்லாத ஒரு விஷயம், பஃபர் பெடலுக்கு கரண்ட் நின்னா சத்தமும் நின்னுடும். ட்ரூ பைபாஸ் பெடல் செத்தாலும் சிக்னல் போய்க்கிட்டே இருக்கும், ட்யூனர் மட்டும்தான் வேலை செய்யாது. அடாப்டர் பின் லூசா இருக்கற ஸ்டேஜ்ல வாசிச்சவங்களுக்கு இதோட அருமை புரியும். பாஸ் டியூ 3 பஃபர் வகை. பாலிட்யூன் 3, கோர்க் பிட்ச்பிளாக் எக்ஸ், ஸ்ட்ரோபோஸ்டாம்ப் ஹெச்டி இதுல எல்லாம் ரெண்டுல எது வேணுமோ மாத்திக்கலாம், அதனால இந்த சண்டை இப்போ பாதி செத்த சண்டைதான்.

எதை வாங்கினாலும் வரிசைல ட்யூனர் முதல்ல இருக்கட்டும். கோரஸ், ஆக்டேவ், டிஸ்டார்ஷன்னு சத்தத்தை மாத்தற பெடல் எதுக்கு பின்னாடி வச்சாலும் அது எல்லாம் அலையோட வடிவத்தை கெடுத்து அனுப்பும், வடிவத்தை தேடற டப்பாவுக்கு அது கண்ணுல மண்ணு.

சுருக்கமா: ஆக்டிவ் பேஸ்னா கவலையே வேண்டாம், பாசிவ் பேஸும் நீள கேபிளும்னா பஃபர், அடாப்டர் மேல நம்பிக்கை இல்லைன்னா ட்ரூ பைபாஸ்.

440ன்னு ஒரு பட்டன் இருக்கும், ஜாக்கிரதை

ட்யூனருக்கு ஏ எதுன்னு யாராவது சொல்லித் தரணும். உலகம் முழுக்க இப்போ ஒத்துக்கிட்டது 440 ஹெர்ட்ஸ், ஐஎஸ்ஓ தரமாவே இருக்கு. ஆனா பெடல்ல அதை மாத்தறதுக்கு வழி வச்சிருப்பாங்க, டியூ 3ல 436ல இருந்து 445 வரைக்கும் போகும். சும்மா வைக்கலை அது. பழைய ஹார்மோனியம், சர்ச்ல இருக்கற பழைய ஆர்கன் எல்லாம் 440ல இருக்கணும்னு கட்டாயம் இல்லை, அதை நாம திருப்ப முடியாது, நாமதான் அதுக்கு இறங்கிப் போகணும். கர்நாடக சங்கீதம் பாடறவங்களோட ஃப்யூஷன் வாசிக்கறீங்கன்னா அவங்க அஞ்சு கட்டைன்னு சொன்னா ஜி, அஞ்சரைன்னா ஜி ஷார்ப்னு கணக்கு வச்சுக்கலாம், ஆனா நிஜ தம்புரா மேடைல இருந்தா அது எந்த நம்பர்ல நிக்குதுன்னு ஒரு தடவை பாத்து ட்யூனரை அங்க நகர்த்தறது உத்தமம்.

ஜாக்கிரதைன்னு ஏன் சொன்னேன்னா, பைக்குள்ள மத்த சாமானோட உரசி ஒரு தடவை என் பெடல் 445க்கு போயிடுச்சு. 440க்கும் 445க்கும் நடுவுல 20 சென்ட். பச்சை லைட் அழகா எரியுது, நான் நிம்மதியா வாசிக்கறேன், கீபோர்டு காரர் முதல் பாட்டு முழுக்க என்னை முறைச்சுக்கிட்டே இருந்தார், நான் அவர் மேலதான் தப்புன்னு நினைச்சேன். இப்போ பவர் ஆன் பண்ணதும் முதல்ல அந்த நம்பரைத்தான் பாக்கறேன்.

இன்னொரு குழப்பமும் இதோட முடிச்சுடறேன். அரை நோட்டு இறக்கி வாசிக்கற பேண்டுல ஈ ஸ்ட்ரிங்கை ஈ ஃப்ளாட்டுக்கு இறக்கணும்பாங்க, ட்யூனர் டி ஷார்ப்னு காட்டும். ரெண்டும் ஒரே நோட்டு, பேருதான் ரெண்டு.

கடைல என்ன பாக்கணும்

பேஸுக்குன்னு தனி பெடல் தேவையாங்கற முதல் கேள்விக்கு இப்போ பதில் சொல்லலாம். தேவையில்லை. பன்னெண்டு நோட்டையும் காட்டற க்ரொமேடிக் ட்யூனர் எதுவா இருந்தாலும் சரி, அது எவ்வளவு கீழ வரைக்கும் கேக்கும்னு மட்டும் பாருங்க. நாலு ஸ்ட்ரிங்னா ஈ, அஞ்சு ஸ்ட்ரிங்னா பி, ஸ்பெக்ல 30 ஹெர்ட்ஸுக்கு கீழ வரைக்கும் போகும்னு இருந்தா நிம்மதி.

எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரே இழுப்புல இழுத்தா எது எது தப்புன்னு காட்டற பாலிஃபோனிக் வசதிக்கு பேஸ் காரங்க தனியா காசு கொடுக்க வேண்டாம்னு நினைக்கறேன், இருக்கறதே நாலு ஸ்ட்ரிங், ஒண்ணொண்ணா பாத்துட்டு போயிடலாம். மல்டி எஃபெக்ட்ஸ் யூனிட் ஏற்கனவே வச்சிருந்தா அதுலயே ட்யூனர் இருக்கும், முதல்ல அதை ஒழுங்கா ட்ரை பண்ணுங்க.

வெளிச்சம் முக்கியம். சாயங்காலம் அஞ்சு மணி வெயில் நேரா விழற திறந்தவெளி மேடைல லைட் தெரியலைன்னா 0.02 சென்ட்டை வச்சு என்ன பண்றது, கடை வாசல்ல வெயில்ல வச்சு ஒரு தடவை பாருங்க. ஷூ போட்ட காலால மிதிச்சும் பாருங்க.

பவர் பெரும்பாலும் 9 வோல்ட் டிசி, பின்னோட நடுவுல நெகட்டிவ். வீட்ல கிடக்கற வைஃபை ரவுட்டர் அடாப்டர் பின் அழகா பொருந்தும், ஆனா அதெல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவுல பாசிட்டிவ். பொருந்துதேன்னு குத்திடாதீங்க.

கடைக்கு போறப்போ உங்க பேஸையே தூக்கிட்டு போங்க, அங்க இருக்கற பேஸ் வேண்டாம். பெடல்ல மாட்டி, டோனை குறைக்காம, வழக்கமா எப்படி வாசிப்பீங்களோ அப்படியே இருக்கறதுலயே கீழ் ஸ்ட்ரிங்கை தட்டிட்டு மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணுங்க. ரெண்டுக்குள்ள எழுத்து நின்னு, அப்புறம் வேற எழுத்துக்கு தாவாம, சத்தம் அடங்கற வரைக்கும் அங்கயே இருந்தா அது உங்க பெடல், விலை என்னவா இருந்தாலும். ஸ்ட்ரிங்கை கொஞ்சம் தளர்த்திட்டு கீழ இருந்து மேல ஏத்தி சுருதிக்கு கொண்டு வந்து பாருங்க, மேல இருந்து இறக்கி நிறுத்துனா ஸ்ட்ரிங்கை முறுக்கற பெக்ல இருக்கற தளர்வு அப்புறமா கீழ இழுத்துடும், ட்யூனர் மேல பழி வரும். அப்புறம் அதே ஸ்ட்ரிங், இன்னொரு விலைல இருக்கற இன்னொரு பெடல். கடைக்காரர் நீங்க தட்டறதை பாத்து பாத்து கொஞ்சம் நொந்து போவார், பரவால்ல, ம்யூட்ல தானே செக் பண்றீங்க.